மூன்றால் பெருக்கிப் பார்த்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் வாசகர் பகுதியில் ஓர் அன்பர், எஸ்.பி.எம். பள்ளி இறுதித் தேர்வு முடித்த மகனைச் சிங்கப்பூருக்கு அனுப்பப் போவதாகவும், இங்கே மலேசியாவிலேயே இருந்தால் பையன் உருப்பட மாட்டான் என்றும் எழுதியிருந்தார். இரண்டு நாள் கழித்து இன்னொருவர், நம் நாட்டில் இருக்கிற நிம்மதி அங்கே ஏது, அங்கே மனிதன் காசுக்காக ஓடிக்கொண்டே இருக்கிறான் என்று பதில் எழுதிவிட்டார். இரண்டு கடிதத்தையும் எங்கள் தொழிற்சாலைப் பேருந்தில் உட்கார்ந்துதான் படித்தேன். பக்கத்தில் இருந்த அக்காவிடமும் காட்டினேன். படித்துவிட்டு, "ரெண்டு பேரும் பாலத்தைத் தினமும் தாண்டுறவங்க இல்லை போல" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. எந்த நாடு உசத்தி என்று கேட்டால், யாருக்கு, எந்த வயதில் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

நான் இருப்பது ஜொகூர் மாசாயில், வேலை சிங்கப்பூர்ப் பக்கம் உட்லண்ட்ஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில். இரண்டு நாட்டையும் இணைக்கிற ஜொகூர் பாலத்தில் ஒரு நாளைக்கு 3 லட்சம் பேருக்கு மேல் போகிறார்கள், வருகிறார்கள். அதில் சுற்றிப் பார்க்க வருகிறவர்களும் உண்டு, காய்கறி வாங்க வருகிறவர்களும் உண்டு, ஆனால் விடியற்காலை நாலரை மணிக்கு அங்கே நிற்கிற கூட்டத்தில் யாரும் சுற்றிப் பார்க்கப் போவதில்லை. எல்லாரும் எங்களைப் போன்றவர்கள்தான்.

முதலில் காசைப் பேசிவிடுவோம், ஏனென்றால் எல்லாரும் அங்கேதான் ஆரம்பிக்கிறார்கள். ஒரு சிங்கப்பூர் டாலர் கொடுத்தால் மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறது. 1973 வரைக்கும் இரண்டு நாட்டுக் காசும் ஒன்றுக்கு ஒன்று என்று மாறிக்கொண்டிருந்தது என்று சொன்னால் என் மகள் நம்ப மாட்டேன் என்கிறாள். நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2022-ல் 1,500 ரிங்கிட்டாக இருந்து, 2025 பிப்ரவரியில்தான் 1,700 ஆனது. அங்கே ஒரு பெண் 2,000 டாலர் வாங்குகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள், அது 6,000 ரிங்கிட்டைத் தாண்டிவிடுகிறது. இந்தக் கணக்கை எதிர்த்து யாராலும் வாதாட முடியாது, நானும் வாதாடப் போவதில்லை. இந்த வித்தியாசத்தில்தான் எங்கள் தாமான் குடியிருப்பில் பாதி வீடுகளுக்குக் கடன் கட்டியிருக்கிறார்கள், பிள்ளைகளைத் தனியார் கல்லூரிக்கு அனுப்பியிருக்கிறார்கள். என் வீடும் அதில் ஒன்று.

ஆனால் அந்த 6,000-ஐ எத்தனை மணி நேரத்துக்கு வாங்குகிறோம் என்று யாரும் எழுதுவதில்லை. ஏழரை மணி ஷிஃப்ட்டுக்கு நான் நாலு மணிக்கு முன்னால் எழ வேண்டும். வீட்டிலிருந்து பாலத்துக்கு வரும் தூரம் ஒரு பக்கம், இந்தப் பக்கம் இறங்கிக் குடிநுழைவு, மறுபடி பேருந்து, பாலம், அந்தப் பக்கம் இறங்கிக் குடிநுழைவு, அப்புறம் திரும்பவும் பேருந்து. பாலம் என்னமோ ஒரு கிலோமீட்டர்தான், ஜாம் இல்லாவிட்டால் நடந்தே போய்விடலாம், ஜாம் இருந்தாலும் நடந்துதான் போகிறார்கள். 2024 மார்ச்சிலிருந்து சிங்கப்பூர் பக்கம் கியூஆர் குறியீட்டைக் காட்டிக் காரில் போகிறவர்கள் கடப்பிதழை நீட்டாமல் போக முடிகிறது, அதெல்லாம் நல்ல மாற்றம்தான், இல்லை என்று சொல்லவில்லை. மழை பெய்கிற வெள்ளிக்கிழமை சாயங்காலம் திரும்பி வந்து பாருங்கள், அப்போது தெரியும். வேலை நேரத்தோடு இந்தப் பயண நேரத்தையும் சேர்த்து, ஓ.டி. செய்தால் அதையும் சேர்த்து, மொத்த மணி நேரத்தால் சம்பளத்தை வகுத்துப் பாருங்கள். மூன்று மடங்கு மூன்று மடங்காகவே நிற்காது. இரண்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும், சிலருக்கு அதற்கும் கீழே.

அந்த அக்கா ஒரு நாள் சொன்னார், தன் சின்ன மகன் தூங்குகிறதைத்தான் வார நாட்களில் பார்த்திருக்கிறேன், அவன் நடக்கப் பழகினதைத் தொலைபேசியில் காணொளியாகத்தான் பார்த்தேன் என்று. அவர் அழுதுகொண்டெல்லாம் சொல்லவில்லை, பசியாறிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்.

சரி, அப்படியானால் ஜொகூரிலேயே வேலை பார்த்துக்கொண்டு இருந்தால் என்ன என்று கேட்பீர்கள். அங்கேதான் கோலாலம்பூரிலும் ஈப்போவிலும் இருக்கிற உங்கள் வாசகர்களுக்குப் புரியாத ஒரு விஷயம் இருக்கிறது. ஜேபியில், அதாவது ஜொகூர் பாருவில், விலையைத் தீர்மானிப்பது ரிங்கிட் இல்லை, டாலர். சனி ஞாயிறு ஆனால் அந்தப் பக்கத்து வண்டிகள் வரிசையாக வருகின்றன. பல் சுத்தம் செய்துகொள்ள, முடி வெட்ட, கார் கழுவ, மாதச் சாமான் வாங்க, குடும்பத்தோடு சாப்பிட. வரட்டும், நல்லதுதான், எத்தனையோ கடைகள் அவர்களால் பிழைக்கின்றன. ஆனால் அவர்களுக்கு மலிவாகத் தெரிகிற விலைதான் இங்கே இருக்கிற ஆசிரியைக்கும், அரசாங்க மருத்துவமனைத் தாதிக்கும், கடையில் கணக்கு எழுதுகிற பெண்ணுக்கும் விலை. பாலத்துக்குப் பக்கத்தில் வாடகை ஏறிக்கொண்டே போகிறது, ஏனென்றால் டாலரில் சம்பளம் வாங்குகிறவன் கொடுக்கத் தயாராக இருக்கிறான். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நாங்கள் கொண்டு வருகிற காசு எங்கள் அண்டை வீட்டுக்காரருக்குச் செலவைக் கூட்டிவிடுகிறது. அவர் பார்க்கிறார், அடுத்த வருடம் அவர் மகனும் பாலம் ஏறுகிறான்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன், மகனை அனுப்பப் போகிற அன்பர் தயவு செய்து இதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். சிங்கப்பூர்க் குடிமகனுக்கும் நிரந்தரவாசிக்கும் மத்திய சேமநிதி உண்டு. 55 வயதுக்குக் கீழே இருக்கிற குடிமகனுக்குத் தொழிலாளி 20 விழுக்காடு, முதலாளி 17 விழுக்காடு, மொத்தம் 37. வீட்டுக்கு, மருத்துவத்துக்கு, ஓய்வுக்காலத்துக்கு எல்லாம் அதிலிருந்துதான் போகிறது. நம் நாட்டில் ஊழியர் சேமநிதியில் தொழிலாளி 11, முதலாளி 13 (சம்பளம் 5,000 ரிங்கிட்டுக்கு மேலே போனால் முதலாளிக்கு 12). அதாவது இங்கே 3,000 ரிங்கிட் வாங்குகிற பையனுக்கு மாதாமாதம் 720 ரிங்கிட் அவன் கண்ணில் படாமலே சேர்ந்துகொண்டிருக்கிறது. வேலை பெர்மிட்டில் பாலம் தாண்டுகிற மலேசியனுக்கு? அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. பூஜ்யம். முழுச் சம்பளமும் கையில் வருகிறது, அதனால்தான் அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. அதில் முதலாளி போட வேண்டிய பங்கும் இல்லை, அவன் போட வேண்டிய பங்கும் அவன் செலவிலேயே போய்விடுகிறது.

எங்கள் தொழிற்சாலையில் ஐம்பதைத் தாண்டிய அண்ணன்மார் நிறைய பேர் இருக்கிறார்கள். இளவயதிலிருந்து பாலம் ஏறினவர்கள். வீடு இருக்கிறது, பிள்ளைகள் படித்துவிட்டார்கள், ஒருவர் மகன் பொறியாளர். ஆனால் சேமநிதியில் எவ்வளவு என்று கேட்டால் சிரிப்பார்கள். பதினெட்டு வயதில் இங்கே ஏதோ கடையில் வேலை செய்தபோது சேர்ந்ததுதான் இன்னும் கிடக்கிறதாம். முதுகு வலியோடு அறுபது வயதிலும் மோட்டாரில் பாலம் ஏற வேண்டிய நிலை, பெர்மிட் கிடைக்கிற வரைக்கும். பெர்மிட் நின்றால் என்ன என்று அவர்களும் பேசுவதில்லை, நாங்களும் கேட்பதில்லை.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்களை அங்கே யாரும் ஏமாற்றவில்லை. சம்பளம் ஒரு நாள் தள்ளி வந்ததில்லை. வேலையில் அடிபட்டால் வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் இழப்பீடு தரச் சட்டம் இருக்கிறது. மருத்துவமனையில் படுக்க நேர்ந்தால் முதலாளி எடுத்து வைத்திருக்கும் காப்பீடு 2023 ஜூலையிலிருந்து குறைந்தது 60,000 டாலருக்கு இருக்க வேண்டும் என்று விதி. ஆனால் காய்ச்சல், சளி, சர்க்கரை நோய் மாத்திரை இதற்கெல்லாம் அங்கே போனால் அரசு உதவிக் கழிவு எங்களுக்குக் கிடையாது, ஆகவே எல்லாரும் இங்கே வந்து ஒரு ரிங்கிட் கொடுத்து அரசாங்கக் கிளினிக்கில் உட்காருகிறோம். அந்த ஒரு ரிங்கிட் கிளினிக்கைப் பற்றிப் பேசுகிற மலேசியர்கள் குறைவு. காத்திருக்கத்தான் வேண்டும், சில நாள் காலை முழுக்கப் போய்விடும், ஆனாலும் டாக்டரைப் பார்த்து மருந்தும் வாங்கிக்கொண்டு ஒரு ரிங்கிட்டில் திரும்புவது உலகத்தில் எத்தனை இடத்தில் நடக்கிறது? ஒரு வெள்ளியை நீட்டும்போது எனக்கே சில சமயம் கூச்சமாக இருக்கும்.

சிங்கப்பூர்க்காரர்களாகவே பிறந்தவர்களுக்கு எப்படி என்று கேட்டால், அவர்கள் வாழ்க்கை நன்றாகத்தான் இருக்கிறது, பொறாமைப்பட்டாலும் படாவிட்டாலும். மக்களில் முக்கால்வாசிக்கு மேல் வீவக என்கிற அரசாங்க அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார்கள், அதில் பெரும்பாலானோர் வாடகைக்கு இல்லாமல் சொந்தமாக வாங்கி இருக்கிறார்கள். 99 வருடக் குத்தகைதான், அது வேறு விஷயம். சராசரி ஆயுள் அங்கே 83-ஐ ஒட்டி, இங்கே 75-ஐ ஒட்டி. லஞ்சம் பற்றி வருடா வருடம் வருகிற உலகப் பட்டியலில் 2024-ல் அவர்கள் 3-வது இடம், நாம் 57-வது. ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு பெண் தனியாக ரயிலில் ஏறி வீட்டுக்குப் போகிறாள், அதை ஒரு செய்தியாக அங்கே யாரும் நினைப்பதில்லை. எங்கள் ஊரில் கார் இல்லாவிட்டால் கை கால் இல்லாத மாதிரி. மாசாயில் பேருந்துக்குக் காத்திருந்து பார்த்தவர்களுக்கு நான் என்ன சொல்கிறேன் என்று தெரியும்.

கார் என்றதும் ஞாபகம் வருகிறது. அங்கே கார் வைத்துக்கொள்ளவே உரிமைச் சான்றிதழ் ஏலத்தில் எடுக்க வேண்டும், பத்து வருடத்துக்கு. 2023 அக்டோபரில் சின்னக் கார்களுக்கான சான்றிதழ் மட்டும் 1,06,000 டாலர், பெரிய கார்களுக்கு ஒன்றரை லட்சம். இன்னும் காரே வாங்கவில்லை, வெறும் அனுமதிக்கு! இங்கே பெரோடுவா ஆக்ஸியா அடிப்படை ரகம் 22,000 ரிங்கிட்டுக்கு வெளிவந்தது. பெட்ரோலும் அடையாள அட்டை காட்டினால் லிட்டர் 1.99. எங்கள் சூப்பர்வைசர் சிங்கப்பூர்க்காரர், சீனர், நல்ல மனிதர். என் காரின் விலையைக் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசவே இல்லை. அவர் பையன் ஆரம்பப் பள்ளி இறுதித் தேர்வுக்கு எத்தனை டியூஷன் போகிறான் என்று அவர் சொன்னபோது நானும் பேசாமல் இருந்தேன்.

நம் பிள்ளைகள் ஏன் போகிறார்கள் என்பதில் காசு மட்டும் இல்லை, அதையும் மறைக்க வேண்டாம். நல்ல மதிப்பெண் எடுத்தும் கேட்ட இடம் கிடைக்காத இந்தியப் பையனை நம் எல்லாருக்கும் தெரியும், நம் வீட்டிலேயே இருக்கிறான். தோட்டங்கள் உடைந்து நகரத்து ஓரத்துக்கு வந்த குடும்பங்களில் பிறப்புப் பத்திரம் சரியில்லாமல், குடியுரிமை கிடைக்காமல் சிவப்பு அடையாள அட்டையோடு வயதானவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அங்கே போனால் வேலையைப் பார்த்துச் சம்பளம் கொடுக்கிறான், தோலைப் பார்க்கவில்லை என்று சொல்கிற இளைஞர்களை நான் தினமும் பேருந்தில் கேட்கிறேன். அது முழு உண்மை இல்லை, அங்கேயும் வீடு வாடகைக்குக் கேட்கும்போது இந்தியர் வேண்டாம் என்று சொன்ன கதைகள் உண்டு. இருந்தாலும் அவன் அப்படி நினைக்கிறான் என்பதே நம் நாட்டை ஆளுகிறவர்கள் கவனிக்க வேண்டிய சங்கதி. சிங்கப்பூரை ஒழுக்கம் இல்லாத காசுப் பேய் என்று திட்டுகிற இரண்டாவது கடிதக்காரர் இதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

தமிழ் விஷயத்தில் மட்டும் எனக்கே குழப்பம். அங்கே தமிழ் ஆட்சிமொழி, டாலர் நோட்டில் இருக்கிறது, ரயில் நிலையத்தில் இருக்கிறது, ஆனால் எல்லாப் பாடத்தையும் தமிழில் சொல்லித் தருகிற பள்ளி ஒன்று கூட இல்லை. இங்கே ஆட்சிமொழி இல்லை, ஆனால் 500-க்கு மேல் தமிழ்ப்பள்ளிகள். என் மகள் கணக்கையும் அறிவியலையும் தமிழில் படித்தாள். தைப்பூசத்துக்கு ஜொகூரில் விடுமுறை, சிங்கப்பூரில் 1968-லிருந்து கிடையாது, ஆகவே காவடி எடுக்கிற எங்கள் ஆட்கள் அன்றைக்கு அங்கே லீவு போட வேண்டும். எது மேல் என்று நீங்களே சொல்லுங்கள்.

இந்த வாழ்க்கை எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதை 2020 மார்ச்சில் கோவிட் வந்தபோது பார்த்தோம். 16-ம் தேதி ராத்திரி பிரதமர் தொலைக்காட்சியில் அறிவித்தார், 18-ம் தேதியிலிருந்து யாரும் நாட்டை விட்டு வெளியே போக முடியாது என்று. நடுவில் ஒரே ஒரு நாள். 17-ம் தேதி பாலத்தில் நின்ற கூட்டத்தை இன்னொரு முறை பார்க்கக்கூடாது. வேலையை விடுவதா, வீட்டை விடுவதா என்று ஒரே நாளில் முடிவெடுக்க வேண்டியிருந்தது. இரண்டு வாரம்தானே என்று ஒரு பையில் நாலு துணியோடு போனவர்கள் அங்கே நண்பர் வீட்டுக் கூடத்தில் படுத்தார்கள், ஆரம்பத்தில் சிலர் ரயில் நிலையத்துப் பக்கம் வெளியிலேயே படுத்தார்கள். நான் அந்தப் பக்கம் போனேன். என் கணவர், பிள்ளைகள் இந்தப் பக்கம். என் மாமியார் இறந்தபோது கைப்பேசியில்தான் பார்த்தேன். 2021 நவம்பர் 29-ல்தான் தடுப்பூசி போட்டவர்களுக்குப் பேருந்து வழி திறந்தார்கள், 2022 ஏப்ரல் 1-ல்தான் பழையபடி வர முடிந்தது. வீட்டு மொட்டை மாடியில் ஏறினால் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்துகொண்டு, இரண்டு வருடம். எந்த நாட்டின் வாழ்க்கைத் தரப் பட்டியலிலும் இந்த இரண்டு வருடத்தை எந்தக் கட்டத்தில் போட்டிருப்பார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

இப்போது எல்லாரும் புதிய ரயிலைப் பற்றிப் பேசுகிறார்கள். புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நார்த்துக்கு 4 கிலோமீட்டர், ஐந்து நிமிடம், மணிக்கு ஒரு பக்கம் 10,000 பேர் வரை. குடிநுழைவுச் சோதனை இரண்டையும் ஏறுகிற இடத்திலேயே முடித்துவிடலாம். வரவேண்டும், சீக்கிரம் வரவேண்டும், நான் முதல் ஆளாக ஏறுவேன். ஆனால் மாசாயிலிருந்து, ஊலு திராமிலிருந்து, கூலாயிலிருந்து புக்கிட் சாகாருக்கு வருவது எப்படி? அங்கே காரை எங்கே நிறுத்துவது, நிறுத்த எவ்வளவு? ஐந்து நிமிட ரயிலுக்கு ஒன்றரை மணி நேரம் ஜாமில் வந்தால் பழைய கதைதான். இன்னொன்று, கட்டணம். ஏற்கெனவே ஓடுகிற தெப்ராவ் ரயிலில் போகும்போது 5 ரிங்கிட், திரும்பும்போது 5 டாலர், ஒரே தண்டவாளம், ஒரே தூரம். அந்த மாதிரிக் கணக்குப் போடாமல் இருந்தால் சரி.

2025 ஜனவரியில் கையெழுத்தான ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலம் பற்றியும் உங்கள் நாளிதழில் பக்கம் பக்கமாக வருகிறது. எத்தனை கோடி முதலீடு என்று எழுதுகிறீர்கள். இந்தப் பக்கம் வருகிற தொழிற்சாலையில் என்னைப் போன்ற பத்து வருட அனுபவக்காரிக்கு என்ன சம்பளம் தருவார்கள் என்று ஒரு செய்தியாளர் கேட்டு எழுதினால் நன்றாக இருக்கும். 4,000 ரிங்கிட் கொடுத்து, சேமநிதியும் போட்டு, சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்கு விட்டால் நாளைக்கே பெர்மிட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். எங்கள் பேருந்தில் பாதிப் பேர் என்னோடு இறங்கிவிடுவார்கள். 6,000 வேண்டும் என்று நாங்கள் யாரும் அடம் பிடிக்கவில்லை. 2,000 ரிங்கிட்டுக்கு வா என்று கூப்பிட்டால்தான் வரமாட்டோம்.

மகனை அனுப்பப் போகிற அன்பருக்கு: தாராளமாக அனுப்புங்கள், வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. போகிற முதல் மாதத்திலேயே ஊழியர் சேமநிதிக்குத் தானாகக் கட்டுவதற்கு ஏற்பாடு செய்துவிடுங்கள். முதலாளி இல்லாவிட்டாலும் சொந்தமாகக் கட்டலாம், வருடத்துக்கு ஒரு லட்சம் ரிங்கிட் வரைக்கும், கைப்பேசியிலேயே செய்துவிடலாம், வாரியத்துக்குப் போய் நிற்கவும் வேண்டாம். 2024-க்கு 6.30 விழுக்காடு லாப ஈவு கொடுத்தார்கள். அங்கே மத்திய சேமநிதியின் சாதாரணக் கணக்குக்கு 2.5 விழுக்காடுதான், அதனால் இந்த ஒரு விஷயத்தில் நம் பக்கம் தேவலை. சம்பளத்தில் நாலில் ஒரு பங்கு என்று முதல் நாளே பிரித்து வையுங்கள், பையன் கையில் கொடுத்துவிட்டு அப்புறம் கேட்டால் வராது, அது மோட்டாருக்கும் கைப்பேசிக்கும் போய்விடும். அவன் மோட்டாரில்தான் போகப் போகிறான் என்றால் மழைச்சட்டை நல்லதாக வாங்கிக் கொடுங்கள், மலிவானது இரண்டு மாதம் தாங்காது. கடப்பிதழில் ஆறு மாதத்துக்கு மேல் தவணை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மாசாய், ஜொகூர்.